நாலரை மணித் தண்ணீரும் மூன்று கிலோ குண்டும்

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியையாக வந்திருப்பவள் அபிநயா. சின்னப் பெண். போன மாதம் ஒரு மாலை எனக்குப் போன் செய்தாள். குரலில் அலுப்பு தெரிந்தது.

"மிஸ், ஆறாவது பொண்ணுங்கள கிரவுண்ட விட்டு உள்ள அனுப்ப முடியல. ஒன்பதாவது பொண்ணுங்கள வேப்ப மரத்தடிய விட்டு எழுப்ப முடியல. ஒருத்திக்கு வயித்து வலி, ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தி ஷூ போட்டுட்டு வரல. நடுவுல மூணு வருஷத்துல இதுங்களுக்கு என்ன மிஸ் ஆவுது?"

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதில் தெரிந்துகொள்ளவே பாதி சர்வீஸ் ஆகிவிட்டது. அதுவும் ஒரு தப்புச் செய்து, அதற்காகத் தலைகுனிந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் மூன்று அண்ணன்களையும் மாதா கோயில் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் கால்பந்து ஆடவிடுவார். நான் வயசுக்கு வந்த சமயம், அத்தை வந்து, "இனிமேட்டும் இவ அங்க போவணுமாண்ணா?" என்று கேட்டாள். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "இவ வரலேன்னா கோல்ல யாரு நிப்பா?" என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் மறுபடி எழவில்லை. கல்லூரி அணி, உடற்கல்விப் படிப்பு, வேலை எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வந்தன. ரொம்ப வருடம் அதெல்லாம் என் திறமையால் வந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்போடுதான் திருவொற்றியூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். மரத்தடியில் உட்கார்ந்த பெண்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோம்பேறிகள் என்று திட்டுவேன். மைதானத்தை நாலு சுற்று ஓடவிடுவேன். அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பேர் மரத்தடிக்குப் போயிருப்பார்கள்.

எங்கள் தலைமை ஆசிரியை கமலவேணி மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது அவரிடம் போய் மூச்சுவிடாமல் புகார் சொன்னால், முழுக்கக் கேட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அரைத்தாளை எடுத்து நீட்டுவார். "எழுதிக் குடுங்க." எழுத உட்கார்ந்தால் பாதிப் புகார் காணாமல் போய்விடும். மீதியை அவர் நின்றபடியே படிப்பார். உட்கார்ந்து படித்தால் தூக்கம் வரும் என்பார்.

வெளிப் போட்டிக்குப் பெண்களை அழைத்துப் போவதென்றால் அவர் ஒரு நடைமுறை வைத்திருந்தார். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தை மாணவியிடம் கொடுத்தனுப்பக் கூடாது. அப்பாவோ அம்மாவோ பள்ளிக்கு வர வேண்டும். எந்த மைதானம், எந்த பஸ், யார் கூட வருகிறார்கள், என்ன உடுப்பு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று நான் வாசிக்க வேண்டும். அவர்கள் கேட்டுவிட்டு மேடம் எதிரிலேயே கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு இது வெட்டி வேலையாகப் பட்டது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருவார்களா என்று ஒரு தடவை கேட்டேன். "வரலேன்னா ஏன் வரலேன்னு நாம தெரிஞ்சிக்கலாமே டீச்சர்" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

சுகன்யா அப்போது ஒன்பதாம் வகுப்பு. உயரம் அதிகமில்லை, தோள் மட்டும் அகலம். மரத்தடிக் கூட்டத்தில் ஒருத்தி. ஒரு நாள் வாலிபால் கம்பத்தை நகர்த்த வேண்டியிருந்தது. அடியில் சிமெண்ட் கட்டை உள்ள கம்பம். நாலு பெண்கள் இழுத்தும் அசையவில்லை. சுகன்யா எழுந்து வந்து, "தள்ளுங்கடி" என்று சொல்லி, கம்பத்தை ஒரு பக்கம் சாய்த்து, கட்டையை விளிம்பில் உருட்டிக்கொண்டே போய்ச் சேர்த்துவிட்டாள். கையைத் தட்டிக்கொண்டு மறுபடியும் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

விளையாட்டுச் சாமான் அறையிலிருந்து மூன்று கிலோ இரும்புக் குண்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. நின்ற இடத்திலிருந்து போட்டாள். பதினோராம் வகுப்புப் பெண் முந்தின வாரம் போட்ட சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது.

குண்டு எறிதல் என்று பெயர் இருந்தாலும் அதில் எறிவது கிடையாது. குண்டு உள்ளங்கையில் உட்காரக் கூடாது, விரல்களின் அடியில் நிற்க வேண்டும். தாடைக்குக் கீழே கழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். பின்காலில் பாரத்தை இறக்கி, இடுப்பைத் திருப்பி, கடைசியில்தான் கை வந்து தள்ளும். போட்ட பிறகு, நிற்கிற வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியே வர வேண்டும். முன்னால் காலை வைத்தால் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் செல்லாது. இதெல்லாம் அவளுக்கு மூன்று வாரத்தில் வந்துவிட்டது. ஆனால் உடற்கல்வி வகுப்பிலும் மதிய இடைவேளையிலும் மட்டும்தான் வருவாள். சாயங்காலம் பயிற்சி என்றால் நாலே கால் மணிக்கு மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். ஏன் என்று கேட்டால், "வூட்ல வேல கீது மிஸ்" என்பாள். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை.

மண்டலப் போட்டி வந்தது. கமலவேணி மேடம் ஒரு வாரம் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். பெற்றோரை வரச் சொன்னேன். சுகன்யா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அப்பா ஏழுமலை டிரெய்லர் லாரி ஓட்டுபவர் என்றும், துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்கிறார் என்றும் சொன்னாள். நான் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் கையெழுத்தோடு கொண்டுவந்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. 'ஏழுமலை' என்ற பெயரில் ழகரத்தின் வாலைச் சுழித்து மேலே கொண்டுபோயிருந்தது. என் வகுப்புப் பதிவேட்டில் பாதிப் பெயர்களை அழகாக எழுதிக் கொடுத்தது சுகன்யாதான். அந்தச் சுழி எனக்குத் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

போட்டியில் அவள்தான் முதல். மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அரைக்கை டீ-ஷர்ட்டும் டிராக் பேண்டுமாகச் சிரித்துக்கொண்டு நின்றவளை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அது எப்படி எப்படியோ சுற்றி, எண்ணூர் சாலையில் லாரி வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏழுமலையிடமே போய்ச் சேர்ந்தது. காட்டியவர், அவரோடு வண்டி ஓட்டுகிற ஒருவர். "இன்னா மாமு, இது உம் பொண்ணு இல்ல?"

மறுநாள் காலை பிரார்த்தனை முடிந்ததும் ஏழுமலை வந்துவிட்டார். கமலவேணி மேடம் அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். மேடம் அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"எம் பொண்ண எவன கேட்டு இட்டுனு போனீங்க?"

மேடம் கோப்பைத் திறந்து கடிதத்தைக் காட்டினார். அவர் பார்த்தார்.

"இது எங் கையெழுத்து இல்ல."

சுகன்யாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். உள்ளே வந்தவள் அப்பாவைப் பார்த்ததும் சுவர் ஓரமாக நின்றுகொண்டாள்.

"நீயாடி போட்ட?"

"ஆமா நைனா."

"டீச்சரு போடச் சொல்லிச்சா?"

"இல்ல நைனா. மிஸ்ஸுக்கு ஒண்ணுமே தெரியாது."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பதினாலு வயதுப் பெண், அடி விழப்போகிறது என்று தெரிந்தும், என்னைக் காப்பாற்றிவிட்டாள். நான் சும்மா இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். என் காது மடல் சுட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"எனக்குத் தெரியும்" என்றேன். "அவ கையெழுத்துன்னு பார்த்ததுமே தெரியும். தெரிஞ்சும்தான் கூட்டிட்டுப் போனேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

ஏழுமலை என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டீச்சரே, நான் ரோட்ல கீறவன். நாள் கணக்கா வரிசைல நிப்போம். போற வர்ற பொண்ணுங்களப் பத்தி எவன் இன்னா பேசுவான்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் அந்தக் கும்பல்ல குந்திகினு சிரிச்சவந்தான். அந்தப் போட்டோவ அவன் காட்னான் பாரு, அவன் இன்னா சொல்லப் போறான்னு நான் அவன் வாயையே பாத்துகினு இருந்தேன்."

"என்ன சொன்னாரு?" என்று மேடம் கேட்டார்.

"ஒண்ணியும் சொல்லல. அதுக்குள்ள நான் எழுந்து வந்துட்டேன்."

மேடம் சொன்னார்: "தப்பு எங்களோடது. உங்களக் கேக்காம கூட்டிட்டுப் போனது தப்பு. இனி நடக்காது." ஏழுமலை மகளை அப்போதே வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்று, "ஒம்பதாவதோட போதும்" என்றார். அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு மேடம் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றார். எனக்கு மெமோ வரும் என்று நினைத்தேன். இழுப்பறையைத் திறந்து வழக்கம் போல அரைத்தாளை நீட்டினார்.

"நாலே கால் மணிக்கு அந்தப் பொண்ணு எங்க ஓடுது?"

"வீட்டுல வேலைன்னு..."

"என்ன வேலை? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போய்ப் பார்த்துட்டு எழுதிக் குடுங்க."

அன்றைக்குச் சாயங்காலமே போனேன். கடலோரம் ஹவுசிங் போர்டு குடியிருப்பு. நாலரை மணிக்குத் தண்ணீர் லாரி வந்து நின்றது. பெண்கள், பெண் பிள்ளைகள், கலர் கலராகப் பிளாஸ்டிக் குடங்கள். சுகன்யா காலையில் போட்ட பள்ளிச் சீருடையோடே இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று இரண்டாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் படியில் நின்றுவிட்டாள்.

நானும் ரெண்டு குடத்தை வாங்கிக்கொண்டு ஏறினேன். நான் உடற்கல்வி ஆசிரியை, தினமும் ஓடுகிறவள். இரண்டாம் மாடி போவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. கதவருகில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா செல்வி அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா டீச்சரே, ரெண்டுக்கே இப்டி? அது எட்டு கொடம் எடுக்கும்."

செல்விக்குச் சர்க்கரை நோய். முட்டி வீங்கியிருந்தது. குடத்தோடு படி ஏற முடியாது. வீட்டில் மற்றபடி ஏழுமலை ஒருவர்தான். காலையில் மகளை விட்டுவிட்டு அவர் மறுபடி வண்டிக்குப் போய்விட்டிருந்தார். அவர் எந்த நாள் வருவார் என்பது துறைமுக வரிசையின் கையில் இருந்தது. நான் மைதானத்தில் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்ட அந்தத் தோள், இந்தப் படிக்கட்டில் உருவானது. அந்தப் பெண்ணை என் பயிற்சிக்கு வரவிடாமல் இழுத்துப் பிடித்ததும் இதே படிக்கட்டுதான்.

செல்வி டீ போட்டுக் கொடுத்தார். குண்டு எறிதல் என்றால் என்ன என்று கேட்டார். கையால் நடித்துக் காட்டினேன்.

"அது சொம்மாவே குண்டா கீது. இதுல குண்டு வேற போடணுமா? கையெல்லாம் ஆம்பள கை மாரி ஆயிட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கு அது ரொம்ப புடிச்சிருக்கா டீச்சரே?" என்றார்.

"உங்க கிட்ட சொன்னதில்லையா?"

"வூட்ல சொம்பு, டபரா எத எடுத்தாலும் கழுத்தாண்ட வெச்சி வெச்சிப் பாத்துகினு கீது. பைத்தியம் புடிச்சிச்சோன்னு நெனச்சேன்."

உள்ளே சுகன்யா சிரிப்பது கேட்டது. அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு மூச்சு சீரானது.

பேச்சுவாக்கில் செல்வி இன்னொன்றும் சொன்னார். தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் திட்டுகிறாராம். "எங்க நடக்கறது? கீழ எறங்கினா டிரெய்லருங்க. காத்தால புழுதி, சாயங்காலம் புகை. இன்னாத்த நடக்கறது?"

அரைத்தாள் போதவில்லை. ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேடம் நின்றபடி படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார். "காலைல ஆறு மணிக்கு நம்ம கிரவுண்டு சும்மாதானே கிடக்கு?" என்றார்.

அனுமதி வாங்க அவர் எழுதிய கடிதங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்துப் பள்ளி வாசலில் அறிவிப்பு ஒட்டினோம். மாணவிகளின் தாய்மார்கள் காலை ஆறு முதல் ஏழு வரை மைதானத்தில் நடக்கலாம். மகள்களையும் அழைத்து வரலாம். முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு, யார் வீட்டு விசேஷத்துக்கோ வழி தவறி வந்துவிட்டவர்கள் போல வாசலிலேயே நின்றார்கள். அவர்களில் செல்வியும் ஒருவர். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு கால் சுற்று நடந்தார், உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அரை சுற்று.

சுகன்யாவைப் பள்ளியை விட்டு நிறுத்தவில்லை. அதற்கு செல்வி வீட்டில் என்ன சண்டை போட்டார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. "அம்மாவுக்குத் துணைக்குப் போவுது" என்பதுதான் வீட்டில் சொல்லப்பட்ட காரணம். அம்மா நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மகள் குண்டு போட்டாள். ஆனால் அப்பா ஒப்புக்கொள்ளாமல் வெளிப் போட்டி கிடையாது என்று அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். தலையாட்டினாள்.

ரெண்டு மாதத்தில் அம்மாக்கள் முப்பது பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். நடை முடிந்தும் போக மனமில்லாமல் சிலர் பந்து கேட்டார்கள். அப்போதுதான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். அம்மா நடக்க வந்த பெண்கள் உடற்கல்வி வகுப்பில் மரத்தடிக்குப் போகவில்லை. நான் யாரையும் எழுப்பவில்லை, திட்டவில்லை. அம்மா நைட்டியோடு பந்தை விரட்டி ஓடுவதைக் காலையில் பார்த்துச் சிரித்தவளுக்கு, மதியம் வெட்கப்பட ஒன்றும் மிச்சமிருக்கவில்லை போல.

ஒரு நாள் காலை ஏழுமலை வந்தார். பிரேக் போடாமல் உள்ளே வந்துவிட்ட வண்டி மாதிரி, வாசலைத் தாண்டியதும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். செல்வி மூன்றாவது சுற்றில் இருந்தார், யார் தோளையும் பிடிக்காமல். ஏழுமலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக வட்டத்தின் பக்கம் வந்து, குண்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்று சொல்லி, கல்லை வீசுவது போல வீசினார். பக்கத்திலேயே போய் விழுந்தது. தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்டிப் போட்டா கை பூடும் நைனா" என்றாள் சுகன்யா. "கழுத்தோட ஒட்டணும். தள்ளணும்."

அவள் போட்டுக் காட்டினாள். குண்டு விழுந்த இடம் வரை அவர் நடந்துபோய், காலால் அடி வைத்து எண்ணிக்கொண்டே திரும்பி வந்தார். என்னிடம், "வெளில இட்டுனு போனா நானும் கூட வருவேன். சரின்னா சொல்லுங்க" என்றார்.

மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் மேடம் எதிரில் உட்கார்ந்து, நான் வாசித்த ஒவ்வொன்றையும் கேட்டு, பஸ் நம்பரை மட்டும் ரெண்டு தடவை கேட்டு, ஏழுமலை கையெழுத்துப் போட்டார். அவர் ழகரத்தில் சுழியே இல்லை.

மைதானத்தில் வேலி ஓரமாக நின்றார். ஆண்கள் கூட்டம் பக்கத்தில் வந்தால் அவர்கள் வாயையே பார்த்தார். சுகன்யா மூன்றாவது வாய்ப்பில் போட்ட குண்டு அதுவரை யாரும் தொடாத இடத்தில் விழுந்தது. வேலி ஓரம் நின்ற யாரோ, "எம்மாந் தூரம் போட்சி பாருடா!" என்று கத்தினார்கள். ஏழுமலை ரெண்டு கையையும் தூக்கினார். அதைப் பார்த்த சுகன்யா வட்டத்தின் முன்பக்கமாகவே அவரைப் பார்த்து ஓடிவிட்டாள். நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். செல்லாது. கடைசியில் நாலாவது இடம்.

பஸ்ஸில் அவள் அழுதாள். ஏழுமலை என்னிடம் சண்டைக்கு வந்தார். "அத்தினி பேரு பாத்தாங்க, அம்மாந் தூரம் போச்சி. முன்னாடி வந்தா இன்னா, பின்னாடி வந்தா இன்னா? இதுல இன்னா டீச்சரே நாயம்?" நான் விதியை விளக்கினேன். தண்டையார்பேட்டை தாண்டுகிற வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் அதே மாவட்டப் போட்டியில் அவள் வெண்கலம் வாங்கினாள். அந்தப் போட்டி சாயங்காலம் வரை இழுத்தது. தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று செல்வியைக் கேட்டேன். "அவுருதான் இந்த தபா கூட வராம ரெண்டு நாளு லீவு போட்டு வூட்ல இருந்தாரே, அவுரே எடுத்தாரு. கீழ் வூட்டுக்காரன் சிரிச்சானாம். 'சிரிடா, எட்டு கொடம் தூக்கிட்டு அப்புறமா சிரி'ன்னாராம்." சொல்லும்போது செல்விக்கு அவ்வளவு சந்தோஷம்.

சுகன்யா தேசிய வீராங்கனை ஆகவில்லை. மாநிலப் போட்டியோடு நின்றுவிட்டாள். பி.காம். முடித்து, ஒரு சரக்குக் கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். கல்யாணமாகி மணலி புதுநகரில் இருக்கிறாள். அவள் கையைப் பார்த்து யாரும் ஓடிவிடவில்லை. கமலவேணி மேடம் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். காலை ஆறு மணிக்கு அந்த மைதானம் இன்றும் திறக்கிறது. அபிநயா ஒரு நாள் அந்த நேரத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சுகன்யா போன் செய்தாள். பின்னால் ஒரே கூச்சல். அவர்கள் தெருப் பெண்கள் பூங்காவில் வலை கட்டி, ரப்பர் வளையத்தை வீசிப் பிடிக்கிற ரிங் ஆடுகிறார்களாம். "ஒரு நிமிசம் மிஸ், எங்க மாமியார் பேசணும்னு சொல்றாங்க" என்றாள். மாமியாரிடம் நான் அதுவரை பேசியதே இல்லை. போனைப் பிடுங்கிய வேகத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். மூச்சு இரைத்தது.

"டீச்சரா? நீங்களே சொல்லுங்க டீச்சர். நான் போட்ட ரிங்கு கரெக்டா கோட்டு மேல விழுந்திச்சி. உங்க பொண்ணு அவுட்டுன்னு சொல்லிகினு கீறா. மாமியாருன்ற மரியாதயாவது வாணாம்? கோட்டு மேல பட்டா அவுட்டா?"

"இல்லம்மா" என்றேன். "கோட்டு மேல பட்டா உள்ளதான்."

"கேட்டுக்கடி!" என்று அந்தப் பக்கம் அவர் கத்தியது எங்கள் தெருவுக்கே கேட்டிருக்கும். போனை வைக்க மறந்து ஆடப் போய்விட்டார்கள். நான் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.